முடத்தெங்கும் நிறைகோலும்
வணிக அறம், வகுப்பறை அறம் – சில விவாதக் குறிப்புகள்

1

அறம் இன்றைக்கு ஒரு பாடத்தாள் ஆகிவிட்டது. எம்.பி.ஏ. படிக்கிற பையனுக்கு 'வணிக அறவியல்' என்று ஒரு தாள். கலைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'விழுமியக் கல்வி' என்று ஒரு தாள். பள்ளிக்கூடத்துக்கோ இருக்கவே இருக்கிறது திருக்குறள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரங்களை 6 முதல் 12 வரையிலான வகுப்புகளில் சொல்லிக் கொடுக்க உத்தரவிட்டது. காமத்துப்பாலின் 25 அதிகாரங்கள் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. சமூகத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டது, அதை மனப்பாடத்தால் சரிசெய்துவிடலாம் என்ற பொதுப்புத்தி நீதிமன்றத்திலிருந்து கார்ப்பரேட் கருத்தரங்கு வரை ஒன்றுபோலவே வேலை செய்கிறது.

இந்தப் பொதுப்புத்திக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. அறம் என்பது தனிமனித நெஞ்சுக்குள் இருக்கிற சரக்கு; அதை வெளியிலிருந்து உள்ளே ஊற்றினால் போதும். வியாபாரி நெஞ்சில் ஊற்றினால் கலப்படம் நிற்கும். வாத்தியார் நெஞ்சில் ஊற்றினால் பிரம்பு கீழே விழும். இந்த அனுமானத்தைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். அதற்கு மேலை நாட்டு அறவியல் நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் பரீட்சைக்காக உருப்போட்டு, பிறகு மறந்தும் திறந்து பார்க்காத ஒரு பிரதியே போதும். நன்னூலின் பொதுப்பாயிரம்.

2

தமிழ்ப் பிரதிகளில் வணிக அறமும் ஆசிரியர் அறமும் ஒரே பொருளைச் சுற்றி நிற்கின்றன. தராசு.

குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. அதில் 118ஆம் குறள், முதலில் தான் சமமாக நின்று பிறகு பொருளை நிறுக்கிற கோலைச் சான்றோருக்கு உவமையாக்குகிறது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் (120) நேரே வணிகனிடம் வந்துவிடுகிறது: பிறர் பொருளையும் தன் பொருள் போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்கிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களும் இப்படித்தான். வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். நுகத்தின் நடுவில் நிற்கும் பகலாணி அவர்கள் நெஞ்சுக்கு உவமை.

பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி, சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ளப் பவணந்தி முனிவர் நன்னூல் செய்கிறார். நல்லாசிரியனுக்கு அவர் சொல்லும் உவமைகள் நான்கு: நிலம், மலை, நிறைகோல், மலர். கடைத்தெருவின் தராசு அப்படியே திண்ணைக்கு ஏறிவிட்டது. எவ்வளவு என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதும், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதும் தராசின் குணம். ஆசிரியனின் குணமும் அதுவே என்கிறது நூல்.

அழகான உவமைதான். ஆனால் உவமை எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தப் பிரதிகளில் எல்லாம் பேசப்படுவது தராசைப் பிடித்திருப்பவனின் மனசு. தட்டில் கிடப்பது பேசுவதில்லை. நிறுக்கப்படுகிற மாணவன், சரக்கு வாங்க வந்து நிற்கிற கூலிக்காரி, இவர்கள் பக்கத்திலிருந்து தராசு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. தராசு ஒருவர் கையில் இருக்கிறது, இன்னொருவர் தட்டில் இருக்கிறார் என்ற ஏற்பாடு இயற்கை மாதிரி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. அதற்கு அப்புறம்தான் அறம் பேசத் தொடங்குகிறது.

பட்டினப்பாலையிலேயே இன்னொரு காட்சி உண்டு. நல்ல நெஞ்சுக்காரர்கள் நிறைந்த அதே துறைமுகத்தில், ஏற்றுகிற இறக்குகிற பொதிகளின் மேல் புலிச் சின்னம் பொறித்துச் சுங்கம் வாங்கும் அதிகாரிகள் சோர்வில்லாமல் காவல் காக்கிறார்கள். அரசனுக்குச் சேர வேண்டிய பங்கு என்றதும் வணிகனின் நன்னெஞ்சை யாரும் நம்பவில்லை, முத்திரை வந்துவிடுகிறது. வாங்க வந்த ஜனங்களுக்கு மட்டும் நெஞ்சை நம்பச் சொல்கிறது கவிதை. அறம் பேசப்படும் இடமும் பேசப்படாத இடமும் இப்படித்தான் பிரிகின்றன.

3

இப்போது நன்னூலுக்குள் இன்னும் கொஞ்சம் போவோம்.

நல்லாசிரியனுக்கு வேண்டிய குணங்களை வரிசையாகச் சொல்லும்போது பவணந்தியார் முதலில் வைப்பது குலம். அருளும் நூல் பயிற்சியும் உலகியல் அறிவும் அதற்குப் பின்னால்தான். நிறைகோல் நடுநிலையானதுதான். ஆனால் அதைத் தொடுகிற கை எந்தக் குலத்துக் கை என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

அடுத்து, யாருக்குப் பாடம் சொல்லலாம்? சொந்த மகன், தன் ஆசிரியனின் மகன், அரசன் மகன், பொருளை நிறையக் கொடுப்பவன், வழிபடுபவன், சொன்னதை உடனே பிடித்துக்கொள்ளும் அறிவாளி. நான்காவது ஆளைக் கவனியுங்கள். 'நன்கொடை' என்ற பெயரில் கட்டாய வசூல் செய்யும் இன்றைய கல்வித் தந்தைகளைத் திட்டும்போது நாம், "அந்தக் காலத்தில் கல்வி தானமாக இருந்தது, இப்போதுதான் வியாபாரம் ஆகிவிட்டது" என்று ஆரம்பிப்போம். மரபு அப்படிச் சொல்லவில்லை. பணம் மிகுதியாகக் கொடுப்பவனுக்கு மரபிலக்கணத்திலேயே இடஒதுக்கீடு இருந்திருக்கிறது.

யாருக்குச் சொல்லக் கூடாது என்றும் ஒரு பட்டியல் உண்டு. குடிகாரன், சோம்பேறி, காமுகன், திருடன் ஆகியோரோடு பிணியாளனும் ஏழையும் அதில் வருகிறார்கள். 'ஏழை' என்பதற்குப் பழந்தமிழில் அறிவு குறைந்தவன் என்றும் பொருள் உண்டு. அந்தச் சொல்லை வைத்து நான் வழக்குப் போட வரவில்லை. ஆனால் பிணியாளனுக்கு அப்படி ஒரு சமாதானம் சொல்ல வழியில்லை. நோயாளிப் பிள்ளை திருடனோடு ஒரே வரிசையில் நிற்கிறான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது முடத்தெங்கு. ஆசிரியன் ஆகத் தகுதியில்லாதவனுக்கு நான்கு உவமைகள்: கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. ஒருத்தன் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறான். அது வேலி தாண்டி வளைந்து அடுத்தவன் மனையில் காயைப் போடுகிறது. பல வகையில் உதவி செய்து வழிபட்டவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கல்வி தருகிறவன் முடத்தெங்கு, அவன் கெட்ட ஆசிரியன் என்கிறது நன்னூல்.

இங்கே ஆசிரியர் அறத்தின் அடிக்கட்டுமானம் வெளியே தெரிந்துவிடுகிறது. அது கணக்கு வழக்குள்ள பரிவர்த்தனை. தண்ணீர் ஊற்றியவனுக்குத் தேங்காய். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கிடைத்தால் அது அறப்பிழை. வகுப்பறை தராசை மட்டும் கடன் வாங்கவில்லை, கல்லாப்பெட்டியையும் சேர்த்தே வாங்கியிருக்கிறது.

4

"சரி, பரிவர்த்தனையாகவே இருக்கட்டும், நேர்மையான பரிவர்த்தனையாக இருந்தால் போதாதா?" என்று கேட்கலாம். வணிக அறவியல் பாடத்தாள் முழுக்க நிற்பது இந்தக் கேள்வியின் மேல்தான். ஏமாற்றாதே, பொய்க் கணக்கு எழுதாதே, லஞ்சம் கொடுக்காதே.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) இந்த இடத்தைத்தான் உடைக்கிறார். எல்லாப் பண்டங்களும் அவற்றின் உரிய மதிப்புக்கே கைமாறுகின்றன, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று வைத்துக்கொண்டே அவர் கணக்குப் போடுகிறார். அப்போதும் உபரி முதலாளி பக்கம் போய்ச் சேர்கிறது. தராசில் தப்பு இல்லை. ஆனாலும் சுரண்டல் நடக்கிறது. அதே தொகுதியில் அவர் தேர்ந்தெடுக்கும் உதாரணமும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். பள்ளி உரிமையாளரைப் பணக்காரராக்க உழைக்கும்போது ஆசிரியர் உற்பத்தித் தொழிலாளி ஆகிறார். முதலாளி தன் பணத்தை இறைச்சிப் பண்டம் செய்யும் ஆலையில் போடாமல் பாடம் நடத்தும் ஆலையில் போட்டிருக்கிறார் என்பதால் உறவில் எந்த மாற்றமும் இல்லை என்கிறார். வணிகத்தையும் வகுப்பறையையும் இரண்டு தனி அறங்களாகப் பிரித்து வைத்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்.

நம்முடைய நீதிமன்றங்கள் இதே வழியில் மெதுவாக நடந்து வந்திருக்கின்றன. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி வணிகமாக இருக்க முடியாது என்றது. அதற்கு முந்தைய வருடம்தான் தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடையைத் தடை செய்யும் சட்டம் வந்திருந்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும் என்றது. கொள்ளை லாபம் கூடாது. ஆனால் நிறுவன வளர்ச்சிக்காக நியாயமான உபரி இருக்கலாம். 'உபரி' என்ற சொல் எவ்வளவு சாதுவாக வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது பாருங்கள்.

நான் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு சுயநிதிக் கல்லூரியில் சம்பளப் பட்டியலில் ஒரு தொகை இருக்கும். கையில் வருவது வேறு தொகை. கையெழுத்து மட்டும் பெரிய தொகைக்கு. அங்கே சேர்ந்த அன்றே எங்கள் அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். நான் அங்கே நடத்தியது நடுவுநிலைமை அதிகாரம் உள்ள அறநூல் தாள். பிள்ளைகள் யாரும் முட்டாள்கள் இல்லை. வாத்தியாருக்கு என்ன சம்பளம் என்று அவர்களுக்குத் தெரியும். அதிகாரத்தின் பொருளை அவர்கள் பரீட்சைத் தாளில் எழுதினார்கள்; கல்லூரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டதை வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

5

அறத்தை நெஞ்சுக்குள் ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பெரிய பரிசோதனை நம் காலத்தில் நடந்தது. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம், பெயரே 'சத்யம்'. 2008இல் நல்ல நிறுவன ஆளுகைக்காகத் தங்க மயில் விருது வாங்கியது. அதன் இயக்குநர் குழுவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் ஒருவர் இருந்தார். நிறுவன ஆளுகை அவருடைய துறைகளில் ஒன்று. ஐதராபாத்தில் உள்ள இந்திய வணிகப் பள்ளியின் தலைவரும் இருந்தார். வணிக அறம் சொல்லிக் கொடுக்கிற வகுப்பறையே நிறுவனத்தின் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம்.

2008 டிசம்பர் 16 அன்று இந்தக் குழு, முதலாளி குடும்பத்தின் 'மேட்டாஸ்' நிறுவனங்களை வாங்க ஒப்புதல் தந்தது. ஆங்கில எழுத்தில் சத்யத்தைத் தலைகீழாகப் படித்தால் மேட்டாஸ். இப்படி ஒரு குறியீட்டை நாவலாசிரியன் எழுதியிருந்தால் செயற்கை என்று விமர்சகர்கள் நாமே அடித்திருப்போம். பங்குதாரர்கள் எதிர்த்ததால் அந்த முடிவு சில மணி நேரத்திலேயே கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: வருடக்கணக்காகக் கணக்குகள் பொய். இல்லாத ரொக்கம் மட்டும் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 2015இல் அவருக்கு ஏழு வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தப் பேராசிரியர்கள் திருடினார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. அவர்களுக்கு அறம் தெரியாதா? தெரியும்; பாடமே எடுத்தவர்கள். அப்புறம் ஏன் தெரியவில்லை? ஏனென்றால் மேசையில் வைக்கப்பட்ட காகிதத்தைத்தான் அவர்கள் நிறுத்தார்கள். காகிதத்தைத் தயாரித்தவனே அவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவன். தராசு நேராகவே இருந்தது; எடைக்கல் பொய். நடுவுநிலைமை என்ற நற்குணம் எடைக்கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்வதில்லை.

அதற்கு நாலரை வருடம் முன்னால் இன்னொன்று நடந்தது. 2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், கூரை வேய்ந்த மாடி வகுப்பறைகள், இறங்குவதற்குக் குறுகலான படி. மதிய உணவுச் சமையலறைத் தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். 2014இல் நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. 2017இல் உயர் நீதிமன்றம் அதைக் குறைத்தது. செய்தித்தாள்களில் அவர் பெயர் 'புலவர்' என்ற அடைமொழியோடுதான் வந்தது. புலவர் படிப்பு என்றால் என்னென்ன மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது தமிழ்த்துறைக்காரர்களுக்குத் தெரியும். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. மொத்தத் தமிழ் அறநூல் மரபும் அந்தக் கூரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு கீற்றைக்கூட அதனால் மாற்ற முடியவில்லை. தீக்குப் பிறகு வந்த அரசின் தடைதான் பள்ளிகளிலிருந்து கூரையை இறக்கியது.

6

அப்படியானால் அறம் எங்கே இருக்கிறது? தட்டின் பக்கத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

கடைக்காரர் நல்லவரா என்று விசாரித்துவிட்டு யாரும் அரிசி வாங்குவதில்லை. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் எடையளவுச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம். இது நவீன அரசு கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன் 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுக்கப்பட்டது, நகைகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்ற கல்லால் நிறுக்கப்பட்டன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கொடுத்தவன் பேரரசன், வாங்கியது கடவுள். அப்போதும் எந்தக் கல் என்று சுவரில் வெட்டினார்கள். யாரும் வந்து சரிபார்க்கலாம் என்ற சாத்தியம் நல்லெண்ணத்தைவிட உறுதியானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வகுப்பறைத் தராசுக்கு மட்டும் முத்திரை கேட்டால் 'குரு நிந்தை' ஆகிவிடுகிறது. சேரன்மாதேவி இதற்குச் சரியான வரலாற்று உதாரணம். வ.வே.சு. ஐயரின் குருகுலம் தேசியக் கல்வி, தியாகம், தமிழ் என்று எல்லா உயர்ந்த சொற்களாலும் கட்டப்பட்டது. அங்கே பிராமணச் சிறுவர்கள் சிலருக்குத் தனிப் பந்தி. 1924-25இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கேள்வியின் பலம் எதில் இருந்தது? தமிழ்நாடு காங்கிரஸ் அதற்குப் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி, ஐயாயிரம் கொடுத்திருந்தது. பொதுப் பணம் வாங்கிய இடத்தில் பந்தி ஏன் இரண்டு? குருவின் நெஞ்சு எவ்வளவு தூய்மை என்ற விவாதத்துக்குள்ளேயே அவர்கள் போகவில்லை. கணக்குக் கேட்டார்கள். கடைத்தெருவின் எளிய கேள்வி ஒன்று குருகுலத்தின் புனிதத்தை உடைத்தது. வணிகத்திடமிருந்து வகுப்பறை கடன் வாங்க வேண்டியது ஏதாவது இருந்தால் இதுதான்.

2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியை, மாணவிகள் நான்கு பேரிடம் தொலைபேசியில் பேசிய பேச்சு வெளியே வந்தது. மேலிடத்து ஆட்களுக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்பது பேச்சின் சாரம். மதிப்பெண் அங்கே நாணயமாக மாறிவிட்டது. 2024இல் அவருக்குப் பத்து வருடச் சிறைத் தண்டனை. உடன் குற்றம்சாட்டப்பட்ட ஆண்கள் இருவர் விடுவிக்கப்பட்டார்கள். விஷயம் வெளியே வந்தது ஆசிரியர்களின் மனசாட்சியால் அல்ல. தட்டில் கிடந்தவர்களிடம் ஒரு பதிவு இருந்ததால்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். முத்திரை குத்துகிறவனும் அதிகாரம்தானே, அவனையும் வாங்கலாமே? வாங்கலாம்தான். 2025 பிப்ரவரியில், பல்கலைக்கழகங்களுக்குத் தரக்குறியீடு வழங்கப் போன 'நாக்' ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. நிறுவனமும் ஆய்வாளரும் ஒரே மேசையில் சாப்பிடும்போது முத்திரையும் ஒரு சரக்குதான். அதனால்தான் மேலிருந்து வரும் முத்திரையை நான் அறம் என்று சொல்லவில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் எப்படிப் போடப்பட்டது என்று மாணவி கேட்கலாம், பதில் சொல்லியாக வேண்டும். சம்பளப் பட்டியலை எல்லா ஆசிரியர்களும் பார்க்கலாம். கட்டணம் எங்கே போகிறது என்று பெற்றோர் கேட்கலாம். தொழிற்சங்கம் இருக்கலாம். கேட்பவரைப் பழிவாங்க முடியாது. நிறுக்கப்படுகிறவர் தராசைத் தொட்டுப் பார்க்கும் உரிமை, அவ்வளவுதான்.

தனிமனித நற்குணத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல வாத்தியார்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்களை நன்னூல் சொல்லும் நிறைகோலாக நான் நினைத்துக்கொள்வதில்லை. தண்ணீர் ஊற்றாதவன் வீட்டு முற்றத்தில் காயைப் போடுகிற முடத்தெங்குகள் அவர்கள். கட்டணம் கட்டாத பிள்ளையைப் பரீட்சைக்கு உட்காரவைத்தவர், நிர்வாகம் வெளியே நிறுத்திய பையனுக்கு மாலையில் பாடம் சொன்னவர், சேரிக்குள் போய்ப் பள்ளிக்கூடம் வைத்தவர். பவணந்தியார் பட்டியலில் இவர்கள் கெட்ட ஆசிரியர்கள். நாம் அந்தப் பட்டியலைத் தலைகீழாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் எழுதுகிறவர்கள், இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள். நம் கையிலும் தராசு உண்டு. புத்தகத்தை நிறுக்கிறோம், தோழரின் நடத்தையை நிறுக்கிறோம், யார் உள்ளே யார் வெளியே என்று தீர்ப்புச் சொல்கிறோம். எந்தக் கல்லால் நிறுத்தோம் என்று எழுதி வைக்கிறோமா? நிறுக்கப்பட்டவர் திரும்பக் கேட்டால் அதற்கு அடுத்த இதழில் பக்கம் ஒதுக்குகிறோமா? கல்வித் தந்தைகளிடம் கேட்பதற்கு முன்னால் என்று சொல்லவில்லை. அவர்களிடம் கேட்கும்போதே நம்மிடமும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.